சுவரை நக்கிப் பார்த்தவள்

மூன்று முறை போய்ப் பார்த்தேன்
மரைக்காயர்பட்டினத்து வீட்டை.
முதல்முறை நடுப்பகல், தரகர் பூமிராஜோடு.
புதுச் சுண்ணாம்பு கண்ணைக் கூசியது.
விற்கிற வீட்டுக்கு அவசரமாய் வெள்ளையடித்தால்
அடியில் என்னவோ இருக்கிறது.
அவர் போன் பேசத் திரும்பிய நேரம்
குனிந்து, முழங்கால் உயரத்தில்
சுவரை நக்கிப் பார்த்தேன்.
உப்பு.
பதினொரு வருஷம் நண்டு உரிக்கிறவள்,
உப்பில் எது கடல் எது வியர்வை என்று தெரியும்.
இது கடற்கரை மண்ணை அள்ளிக் கட்டிய சுவர்.
அப்போது ஒன்றும் சொல்லவில்லை.
தெரிந்ததை விலை பேசும்போது எடுக்கணும்.

அமாவாசைக்கு மறுநாள் தனியாகப் போனேன்.
ஓதம் ஏறும் நேரம் கிணற்றில் வாளி விட்டேன்.
குடிக்கலாம். பருப்பு வேகாது.

ஐப்பசியில், மழை விட்ட ராத்திரி,
டார்ச் அடித்துத் தெருத்தண்ணீரின் பின்னாலேயே நடந்தேன்
எந்த வாசலுக்குள் போகிறதென்று.
நாய் ஒன்று நெடுநேரம் குரைத்தது.
விற்கிறவர்கள் சித்திரையில் வீடு காட்டுவார்கள்,
வாங்குகிறவள் வாடையில் போகணும்.

வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள்.
எனக்குச் சம்பளம் கிலோ கணக்கு.
வீட்டுக்காரர் சவேரியானுக்குப் பங்கு, மீன் பட்டால்.
மகளிர் குழுவின் ஆறு வருஷத்து நோட்டை எடுத்து வைத்தேன்,
ஒரு தவணை தவறாதது.
மேனேஜர் புரட்டினார்.
ஒரு பக்கத்தில் செதில் ஒட்டியிருந்தது,
நகத்தால் சுரண்டிவிட்டு மேலே படித்தார்.
தடைக்காலத்தில் இரண்டு மாசம் படகு இறங்காதே சார் என்றேன்.
"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா."
அதனால்
வளையல் ரெண்டை விற்று
அந்த இரண்டு தவணையை முதலிலேயே கணக்கில் போட்டுவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

வில்லங்கம் பதின்மூன்று வருஷத்துக்குப் போதும் என்றார் பூமிராஜ்.
முப்பதுக்குப் போட்டேன்.
பதினேழு வருஷத்துக்கு முந்தி ஒரு வரி:
அடமானம், கூட்டுறவுச் சங்கம், ரூபாய் எண்பதாயிரம்.
மீட்டதாக வரி இல்லை.

ஜலீலா பீவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
இரண்டுதரம் படித்தார்.
"இவுக எங்கிட்டச் சொல்லவே இல்லியே."
அவர் மவுத்தாகி நாலு வருஷம்.
அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்,
பிரெயில் எழுத்து மாதிரி.
எண்பதாயிரம் எங்கே போயிருக்கும்?
யாரைப் போய்க் கேட்பது?

அந்த நேரம் பார்த்துத்தான்
சுவரையும் கிணற்றையும் எடுத்தேன்.
விலையில் நாற்பது குறைந்தது.
பாவம் பார்த்திருக்கலாம்.
பார்த்தேன்;
எழுபது கேட்க வாய் திறந்தது.

முன்பணத்தை அவர் கையில் கொடுக்கவில்லை.
வட்டியோடு சங்கத்திலேயே நேராகக் கட்டினேன்.
ரசீதுப் பத்திரம் பதிவானது.
வாரிசுச் சான்றில் மூன்று பேர்,
ஷார்ஜா மகனின் பவரில்
தூதரக முத்திரையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
அவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பதிவு ஆபீஸில் விரல் வைத்து, போட்டோ பிடித்து,
வெளியே வேப்பமரத்தடியில்
மடியிலிருந்து சாவியை அவிழ்த்தார்.
"விடியுமுன்ன மொத வாளிய எறைச்சிருங்க.
மேலத்தெரு மோட்டார் ஓடிருச்சுன்னா
உப்பு மேல வந்துரும்."
பத்திரம் பதினாலு பக்கம்,
நான்கு எல்லை, அடிக்கணக்கு, சர்வே எண்.
இது எதிலும் இல்லை.

"அப்புறம் அந்தச் செவரு..." என்று இழுத்தார்.
"தெரியும்க்கா. நக்கிப் பாத்தேன்."
முதல்முறையாகச் சிரித்தார்.
முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு.

"வாங்குறப்ப நானும் நக்கித்தான் பாத்தேன்.
சொன்னேன்.
அவுக கேக்கல."